ஸ்ப்ளிட்டுக்கு எத்தனை மணி நேரம்

சாக்ரெப்பில் நாலு ஆண்கள் காபி குடிக்க உட்கார்ந்தால், ஐந்தாவது நிமிடம் பேச்சு, கடற்கரை ஊரான ஸ்ப்ளிட்டுக்கு யார் எவ்வளவு சீக்கிரம் கார் ஓட்டிப் போனார்கள் என்பதில் வந்து நிற்கும். அதில் ஸ்வோன்கோவை மிஞ்ச ஆள் கிடையாது. நானூற்றுப் பத்து கிலோமீட்டர், மூன்றே கால் மணி நேரம். இருபது வருடமாக இதே சவடால்.

அப்பேர்ப்பட்டவர், ஸ்ப்ளிட் மருத்துவமனையில் தனக்கு வேலை கிடைத்திருப்பதாக மகள் திஹானா சொன்னதும் தலைகீழாக மாறிவிட்டார்.

“அவ்வளவு தூரமா? மலைச் சுரங்கத்தைத் தாண்டினா காத்து காரையே புரட்டிப் போடும்மா. சுங்கச்சாவடியிலயே ரெண்டு மணி நேரம் போயிடும். மொத்தம் எட்டு மணி நேரம்!”

திஹானா திங்கட்கிழமை பதில் சொல்லியாக வேண்டும். குழந்தைகள் வார்டு வேலை, அவள் ஆசைப்பட்டுக் காத்திருந்தது. ஆனால் அப்பாவின் முகத்தை வாடவைத்துவிட்டுக் கிளம்ப அவளுக்கு மனம் வரவில்லை. திட்டியிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பாள். அவர் பயந்தல்லவா போயிருந்தார்!

ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததும், பக்கத்து வீட்டு ஷ்டெஃப் காபிக்கு வந்து உட்கார்ந்தார். கூப்பிட்டது அம்மா நெவெங்கா. ஏன் கூப்பிட்டாள் என்பது திஹானாவுக்கு அப்போது புரியவில்லை.

“நேத்து ஸ்ப்ளிட் போனேன்யா. மூணு மணி, பத்து நிமிஷம்! உன் கொட்டம் அடங்கிச்சு” என்றார் ஷ்டெஃப்.

அப்பாவின் காது சிவந்தது.

“பத்து நிமிஷமா? போன ஆகஸ்டுல நான் மூணு மணி நேரத்துக்கு மேல ஒரு நிமிஷம்கூட ஆகாமப் போனேன்!”

“ஆகஸ்டுலயா? ஊரே கடலுக்குப் போற மாசத்துல? பறந்தா போன?”

“ஓட்டத் தெரிஞ்சவனுக்கு எந்த மாசமா இருந்தா என்ன? ஸ்ப்ளிட் என்ன தூரமா? இதோ, பக்கத்துத் தெரு!”

அம்மா அப்பாவின் தட்டில் இன்னொரு துண்டு பலகாரம் வைத்தாள். “கேட்டுக்கிட்டியா திஹானா? பக்கத்துத் தெருவாம்.”

நுணலும் தன் வாயால் கெடும். ஸ்வோன்கோ திறந்த வாயை மூட மறந்து உட்கார்ந்திருந்தார். ஷ்டெஃபுக்கு ஒன்றும் விளங்கவில்லை. காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

திஹானா பாத்திரம் கழுவும்போது அப்பா துண்டோடு வந்து பக்கத்தில் நின்றார். ஒரே தட்டை வெகுநேரம் துடைத்தார்.

“மூணு மணியெல்லாம் சும்மாம்மா. சுங்கச்சாவடி தாண்டினப்புறம்தான் எண்ண ஆரம்பிப்பேன். சாப்பிட நின்னதைச் சேக்க மாட்டேன். வாசல்லேர்ந்து வாசலுக்கு அஞ்சரை மணி. ஒரு தடவைகூட அதுக்குக் குறைஞ்சதில்ல.”

“இதை ஏம்ப்பா இப்பச் சொல்றீங்க?”

“என் பேச்சை நம்பி, நீ வீட்டுக்கு வர்றப்ப வண்டியை விரட்டிடக் கூடாதில்ல.”

திஹானா குழாயை மூடினாள். ஈரக் கையோடு அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

“நீ அங்க போனப்புறம் வர்ற முதல் சனிக்கிழமை, காலையில ஆறு மணிக்குக் கிளம்பி வருவேன். பதினொண்ணரைக்குக் கதவைத் திறந்து வை” என்றார் அவர். பிறகு கூடத்தை எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “ஷ்டெஃப் கேட்டான்னா, மூணு மணின்னே சொல்லு.”