ரெய்ன்ஸின் இடப்பக்கம்

இசைத்தட்டு பிழையாக வந்திருக்கிறது என்று ஒஸ்வால்ட் சொன்னபோது துஷாந்தினிக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஜூபால் ரெய்ன்ஸின் இசையில் எது பிழை, எது சரி என்று அவளுடைய கணவனைத் தவிர வேறு யாரால் கண்டுபிடிக்க முடியும்?

"இடப்பக்க ஸ்பீக்கர்ல ஒண்டுமே இல்ல. வந்து கேளும்."

அவள் ஈரக் கையோடு சமையலறை வாசலில் நின்றபடி காது கொடுத்தாள்.

"எனக்கு எல்லாப் பக்கமும் பாத்திரம் விழுற சத்தந்தான் கேக்குது."

"உம்மட்டப் போய்ச் சொன்னனே" என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

ரெய்ன்ஸ் எப்போதோ இறந்துபோன அமெரிக்க ஜாஸ் குழுத் தலைவர். தன்னுடைய இசை மனிதருக்கல்ல, வால்வெள்ளிகளுக்கு என்று சொல்லிக்கொண்டவர். வெள்ளித்தாள் நிறத்தில் அங்கி போட்ட பதினைந்து பேரை வைத்துக்கொண்டு, மூடிக்கிடந்த ஒரு சலவைக் கடைக்குள் ஒலிப்பதிவு செய்தார். யார் எப்போது வாசிக்கத் தொடங்குவார்கள் என்று அவர்களுக்கே தெரியாதாம். அந்தக் காலத்தில் கச்சேரி வாசலில் விற்ற சில நூறு தட்டுகளோடு அந்தக் கதை முடிந்திருக்கவேண்டும். ஆனால் ஒல்லாந்தில் ஒரு சிறிய கம்பனி பழைய நாடாக்களைத் தேடிப் பிடித்து, துப்புரவாக்கி, ஒவ்வொன்றாக மறுபடி வெளியிடத் தொடங்கியது. ஒஸ்வால்ட் ஒன்றையும் விடுவதில்லை. ஏற்கனவே கையில் இருப்பது இன்னொரு நாடாவிலிருந்து மறுபடி வந்தாலும் வாங்குவான். கலியாணம் கட்டிய புதிதில், "இதுதானே அங்க அலுமாரியில இருக்கு?" என்று கேட்டுவிட்டுத் துஷாந்தினி ஒரு மணித்தியாலம் விளக்கம் கேட்டிருக்கிறாள்.

ரெய்ன்ஸ் தன் குழுவை இரண்டாகப் பிரித்து நிற்க வைப்பார். இடப்பக்கம் பூமி. அதாவது சின்ன மணிகள், கைமேளம், அடிக்குரலில் முனகும் ஒரு பெண். வலப்பக்கம் வானம். அது முழுவதும் ஊதுகுழல்கள். புதிய தட்டில் பூமியைக் காணவில்லை என்பதுதான் ஒஸ்வால்டின் முறைப்பாடு. அன்றைக்கே கம்பனிக்கு எழுதினான். உலகம் முழுவதிலுமிருந்து ரெய்ன்ஸ் பைத்தியங்கள் கூடும் இணையக் குழுவிலும், இடப்பக்கத்தைக் கொன்றுவிட்டார்கள் என்று எழுதினான். வேறு யாரும் அப்படிச் சொல்லவில்லை, வேண்டுமானால் இன்னொரு பிரதி அனுப்புகிறோம் என்று கம்பனியிலிருந்து பணிவாகப் பதில் வந்தது.

அந்த வாரம் முழுக்க அவன் குற்றவாளியைத் தேடினான். அதே இசையின் பழைய வெளியீட்டைப் போட்டுப் பார்த்தான். அதிலும் இடப்பக்கம் மெலிந்திருந்தது. அப்படியானால் ஊசி தேய்ந்திருக்கவேண்டும். புது ஊசி மாற்றினான். பிறகு வயர்களை இடம் வலமாக மாற்றினான். ஊசியிலோ வயரிலோ பிழை இருந்தால் குறை வலப்பக்கம் போயிருக்கவேண்டும், போகவில்லை. ஸ்பீக்கர்களைத் தூக்கி மாற்றி வைத்தான். அப்போதும் இடப்பக்கந்தான்.

"உப்புக் காத்து" என்று கடைசியில் தீர்ப்புச் சொன்னான். "கடலுக்கு முன்னால வீடு எடுக்காதேயும் எண்டு சொன்னனான். அம்ப்ளிஃபையர் உள்ளுக்குத் துருப்பிடிச்சிட்டுது."

அதை மறுக்க முடியாது. வெள்ளவத்தையில் ரயில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், நாலாம் மாடி. யன்னல் கம்பியிலிருந்து அவளுடைய கத்தரிக்கோல் வரைக்கும் எல்லாமே துருப்பிடிக்கிற வீடு. அவளிடமிருந்து ஸ்பிரிட் வாங்கி, பஞ்சை முக்கி அவன் அம்ப்ளிஃபையரின் பின்புறத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் அவள் அதைக் கண்டாள். நடுநடுவே அவன் சின்னி விரலை இடக்காதுக்குள் விட்டு ஆட்டினான்.

"என்னப்பா காதுக்குள்ள?"

"தடிமனும் தும்மலுமா வந்ததெல்லே. அடைச்சிருக்கு."

துஷாந்தினி காலி வீதியில் ஒரு பார்மசியில் வேலை செய்கிறாள். அடுத்த நாள் காதில் சேரும் அழுக்கை, குடுமியை, கரைக்கும் மருந்து கொண்டுவந்தாள். மூன்று பின்னேரங்கள் அவன் அவளுடைய மடியில் தலை வைத்துப் படுத்திருக்க, துளித் துளியாக விட்டாள். பத்து வருடக் கலியாணத்தில் அவ்வளவு நேரம் அவன் அசையாமல் கிடந்ததில்லை. அந்தப் பின்னேரங்கள் அவளுக்குப் பிடித்திருந்தன. அதற்காகப் பிறகு அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனார்கள். பூசை முடிந்து ஒஸ்வால்டின் தாய் மாக்ரெட் வீட்டில் சாப்பாடு. மாக்ரெட் மகனுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து ஏதோ கேட்டார். அவன் புன்னகையோடு தலையாட்டினான். அவர் இன்னொரு அகப்பை சோற்றைத் தட்டில் போட்டார்.

"ஏன் மம்மி இவ்வளவு?"

"நீதானேடா தலையாட்டினாய்! ரெண்டு தரம் கேட்டன், ரெண்டு தரமும் ஆட்டினாய்."

எல்லோரும் சிரித்தார்கள். துஷாந்தினியும் சிரித்தாள். பிறகு தன் தட்டைப் பார்த்தபடி, அவன் இந்த ஒரு வாரத்தில் எத்தனை தரம் இப்படித் தலையாட்டினான் என்று யோசித்தாள். பலசரக்குக்கு ஓம். கரண்ட் பில்லுக்கு ஓம். அவளுடைய தம்பி வருகிறான் என்றதற்கும் ஓம். வந்த பிறகு, "இவன் வாறதச் சொல்லேல்ல?" என்று கேட்டான்.

பஸ்ஸுக்குப் போக வீதியைக் கடக்கும்போது, நடுக்கோட்டில் நின்ற அவன் ஒரு அடி முன்னால் வைத்தான். இடப்பக்கமிருந்து ஹோர்ன் அலறியது. துஷாந்தினி அவனுடைய சேர்ட்டைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள், ஒரு பொத்தான் அறுந்து தெறித்தது. பஸ் அவர்களை உரசிக்கொண்டு போனது. யன்னலால் தலையை நீட்டிய கண்டக்டர், "மஹத்தயா, மெரென்னத ஹதன்னே?" என்று கத்தினான். ஐயா, சாகவா பார்க்கிறீர் என்று சிங்களத்தில்.

"ஹோர்ன் அடிக்காம ஓடுறானுகள்" என்றான் ஒஸ்வால்ட்.

அவளுக்குக் காதுக்குள் இன்னும் அந்த ஹோர்ன் கூவிக்கொண்டிருந்தது. வீடு வரும்வரை அவள் அவனுடைய முழங்கையை விடவில்லை.

திங்கட்கிழமை பார்மசியில் அவளுக்குக் கை ஓடவில்லை. போன வருடம் ஒரு வாத்தியார், குடுமி என்று நினைத்து ஒரு மாதமாக அதே மருந்தை வாங்கிக்கொண்டு போனார். பிறகு ஒருநாள் வந்து, ஆரம்பத்திலேயே வந்திருந்தால் குளிசையால் காப்பாற்றியிருக்கலாமாம், இப்போது நரம்பு போய்விட்டதாம் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு இருமலுக்குப் பாணி கேட்டார். அந்த முகம் அவளுடைய கண்ணுக்கு முன்னால் நின்றது. ஒஸ்வால்டுக்கு எப்போது தொடங்கியது? புதுத் தட்டு வந்த அன்றைக்கா? அதற்கு முன்னமா? ஒருவேளை உண்மையிலேயே அம்ப்ளிஃபையர்தானோ? இருக்கட்டும் கடவுளே, அம்ப்ளிஃபையராகவே இருக்கட்டும்.

அன்றைக்குப் பின்னேரம் சாந்தன் வந்தான். நுகேகொடைக்காரன், ஒஸ்வால்டோடு சேர்ந்து ரெய்ன்ஸ் தட்டுகளை வரவழைப்பவன். ஒஸ்வால்ட் அவனைத் தன் கதிரையில் உட்கார வைத்து, ஊசியை இறக்கி, குற்றத்தை நிரூபித்த ஆள் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

சாந்தன் கண்ணை மூடிக் கேட்டான். "மச்சான், நல்லாத்தானே இருக்கு."

"இடப்பக்கம்?"

"அதத்தான் சொல்லுறன். மணியெல்லாம் அப்பிடியே காதுக்குள்ள வந்து விழுது. என்ட வீட்ட விட உன்ட வீட்டில திறம்."

"போய்க் காதக் கழுவு."

"நீ கழுவடா!" சாந்தன் சிரித்தான். ஒஸ்வால்டும் சிரித்தான், ஆனால் கண் சிரிக்கவில்லை. துஷாந்தினி தேநீர்த் தட்டை மேசையில் வைத்தாள். பிறகு இரண்டு ஸ்பீக்கர்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சாந்தன் போன பிறகு அவள் கதவைப் பூட்டிவிட்டு வந்தாள்.

"ஒஸி, கதிரையத் திருப்பிப் போட்டு இருங்கோ."

"என்னத்துக்கு?"

"ஒரு பாட்டுக்கு."

"சுவரப் பாத்துக்கொண்டா? உமக்கு விசரா?"

"ஓம், விசர். இருங்கோ."

அவன் முணுமுணுத்துக்கொண்டு கதிரையைத் திருப்பி, ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். இப்போது இடப்பக்க ஸ்பீக்கர் அவனுடைய வலக்காதுக்கு நேராக இருந்தது. அவன் கற்றுக்கொடுத்த மாதிரியே அவள் ஊசியை மெதுவாக வைத்தாள்.

அவனுடைய முகம் மலர்ந்தது. "துஷா! மணி கேக்குது. மேளம், அந்தப் பொம்பிளைட குரல், எல்லாம் கேக்குது! என்ன செய்தனீர்? எவ்வளவு துப்புரவா..."

அவள் சத்தத்தை இன்னும் கூட்டினாள்.

"ஆனா ஊதுகுழல் எங்க?" என்றான்.

ஊதுகுழல்கள் அறை முழுக்க வீரிட்டுக்கொண்டிருந்தன. கீழ்வீட்டுக்கும் கேட்டிருக்கும். ஒஸ்வால்ட் எழுந்து ஊசியைத் தூக்கி வைத்துவிட்டு, கதிரையைப் பழையபடி திருப்பினான். ஒன்றும் நடக்காதது மாதிரித் தட்டை உறைக்குள் போட்டான்.

"நாளைக்குக் காது டொக்டர ஒராளச் சனல் பண்ணியிருக்கிறன்" என்றாள். உண்மையில் இன்னும் டொக்டரிடம் நேரம் பதியவில்லை.

"தடிமன். தானாப் போயிடும்."

"போகாது. இது அந்த மாதிரி இல்ல."

"உமக்குத் தெரியுமா? நீர் டொக்டரா?"

"டொக்டர் இல்ல. அதுதான் குடுமிக்கு மருந்து ஊத்தினன். நாலைஞ்சு நாள் அதிலயே போயிட்டுது, ஒஸி. நான் போக விட்டனான்." அவள் அவனுடைய கையிலிருந்து தட்டை வாங்கி வைத்தாள். "இது கெதியாப் பாக்கவேண்டிய வருத்தம். ஒவ்வொரு நாளும் கணக்கு."

அவன் யன்னலுக்குப் போனான். வெளியே ரயில் ஒன்று போய் முடிந்ததும் தன் தகப்பனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான்.

"டடா துறைமுகத்தில கிரேன் ஓட்டி ஓட்டிக் காது போனவர். உமக்கு அது தெரியும். நாங்க அவர எப்பிடி வச்சிருந்தம் எண்டு தெரியாது. அவர் என்ன எண்டு கேட்டா, ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல எண்டுதான் எல்லாரும் சொல்லுவம். திரும்பச் சொல்ல ஒருத்தருக்கும் பொறுமை இல்ல. கடைசில கேக்கிறதையே விட்டிட்டார். சும்மா சிரிச்சுச் சிரிச்சுத் தலையாட்டிக்கொண்டு மூலையில இருந்தார்."

"அது வேற, இது வேற."

"டொக்டர் 'போயிட்டுது' எண்டு சொன்னா, பிறகு போயிட்டுதுதானே துஷா? சொல்லாத வரைக்கும் அது அம்ப்ளிஃபையர்."

அவள் அவனுடைய வலப்பக்கம் போய் நின்றாள். "நாளைக்குக் காலமை நான் வெளிக்கிட்டு நிப்பன். நீங்கள் வராட்டி நான் தனியப் போய், காதில்லாத ஒராள வீட்டில வச்சிருக்கிறன் எண்டு டொக்டருக்குச் சொல்லுவன்."

அவனுக்குச் சிரிப்பு வரப்பார்த்தது. வரவில்லை.

காலையில் அவன் அவளுக்கு முதலே சப்பாத்துப் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றான்.

டொக்டர் ஒரு சிங்களப் பெண். அதிகம் பேசாதவர். கண்ணாடி வைத்த சிறிய அறைக்குள் ஒஸ்வால்டை உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, சத்தம் கேட்டால் அமத்தும்படி கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். துஷாந்தினி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றாள். வலக்காதுக்கு அவன் டக்கு டக்கென்று அமத்தினான். பிறகு இடக்காது. விரல் பொத்தானின் மேல் இருந்தது. மெஷினுக்கு முன்னால் இருந்த பெண் ஒரு திருகியைக் கூட்டினாள், இன்னும் கூட்டினாள். ஒஸ்வால்ட் ஏதோ வரப்போகிறது என்ற மாதிரித் தலையைச் சரித்துக்கொண்டு காத்திருந்தான். விரல் அசையவில்லை. அமத்துங்கோ, சும்மாவாவது அமத்துங்கோ என்று அவள் மனசுக்குள் மன்றாடினாள். அவன் பொய் சொல்லவில்லை.

இடக்காதின் கேள்வி நன்றாகக் குறைந்திருக்கிறது, ஆனால் இன்னும் நேரம் கடக்கவில்லை என்றார் டொக்டர். பெரிய அளவில் ஸ்டெரொய்ட் குளிசை எழுதினார். திரும்பி வருமா என்று துஷாந்தினி சிங்களத்தில் கேட்டாள். சிலருக்கு வரும், சிலருக்குக் கொஞ்சம் வரும், சிலருக்கு வராது என்றார். எந்தச் சிலர் என்று கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை.

குளிசை அவனை ஆட்டிவைத்தது. நித்திரை இல்லை, அகோரப் பசி, தொட்டதற்கெல்லாம் கோபம். இணையக் குழுவில், தட்டில் பிழையில்லை, பிழை என்னிடத்தில் என்று ஒரே வரியில் எழுதி மன்னிப்புக் கேட்டுவிட்டு, பிறகு ஸ்பீக்கர் பக்கமே போகவில்லை. காது எப்படி என்று அவள் ஒவ்வொரு காலையும் கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டாள். அவன் வாயால் வரட்டும் என்று இருந்தாள். அவர்கள் வீட்டில் அவ்வளவு அமைதி இருந்ததில்லை.

அடுத்த சோதனையில் அவன் இடக்காதுக்கு நாலைந்து தரம் அமத்தினான். தாழ்ந்த சுரங்கள் கொஞ்சம் ஏறியிருக்கின்றன, உயர்ந்தவை அசையவில்லை என்றார் டொக்டர். குளிசையைத் தொடரலாம், ஆனால் அவர் எந்த வாக்கும் தரமாட்டாராம்.

வெளியே வீதியில் பஸ்ஸுக்கு நின்றார்கள். துஷாந்தினி அவனுக்கு இடப்பக்கம் நின்று, வாகனங்களைப் பார்த்தபடி ஏதோ சொன்னாள். அவன் தலையாட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்தினான்.

"சத்தம் கேக்குது. சொல் விளங்கேல்ல. திரும்பச் சொல்லும்."

அவள் திரும்பச் சொன்னாள்.

"இல்ல. இன்னொருக்கா."

அவள் நுனிக்காலில் எழும்பி அவனுடைய இடக்காதுக்குக் கிட்ட வாயைக் கொண்டுபோனாள். பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இராச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கவேணும் எண்டு சொன்னனான்!"

"பாணா? இவ்வளவு நேரமும் பாணா?"

"பின்ன? என்ன எண்டு நினைச்சியள்?"

"வேற ஏதோ எண்டு."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அதை ரோட்டில வச்சு மூண்டு தரம் சொல்ல ஏலாது."

வீதியின் மறுகரையால் ஒரு பஸ் இடப்பக்கமிருந்து இரைந்துகொண்டு வந்தது. அவன் அதைக் கேட்டுத் திரும்பவில்லை, கண்டுதான் திரும்பினான். அவள் கவனித்தாள். அவள் கவனித்ததை அவனும் கண்டுவிட்டான்.

"நாளைக்கும் இந்தப் பக்கத்தில நிண்டு கதைச்சுப் பாரும்" என்று இடக்காதைத் தொட்டுக் காட்டினான்.