எப்போதும் நாலு டிகிரி

ஆய்வுக்கு வரப்போகிறார்கள் என்று கடிதம் வந்த நாள் முதல் எங்கள் கிளினிக்கில் யாருக்கும் தூக்கம் இல்லை, டாக்டரைத் தவிர. அவர் எந்தக் கடிதத்தையும் பிரிப்பதில்லை. பிரிப்பது, படிப்பது, பதில் போடுவது எல்லாம் வரவேற்பு மேசையில் பதினாலு வருடமாக உட்கார்ந்திருக்கும் என் தலையில். தரமும் பாதுகாப்பும் சரியில்லை என்றால் கிளினிக்கை மூடிவிடுவார்களாம். ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு இன்னொரு மேசையை யார் தருவார்கள்?

ஒரு வாரம் வீட்டை மறந்து உழைத்தேன். பயன்படுத்திய ஊசிகளைப் போடப் புது டப்பா வாங்கினேன். கழிப்பறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைக்கச் சொன்னேன். காலாவதியான மாத்திரைகளைக் கழித்துக் கட்டினேன். டாக்டர் மேசைக்கு அடியில் மூன்று ஒற்றைச் செருப்புகள் கிடைத்தன. கேட்டால், "விட்டுட்டுப் போனவங்க தேடி வருவாங்கம்மா" என்கிறார்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு அதிகாரி வந்தார். சின்ன வயதுப் பெண். சிரிப்பும் இல்லை, முறைப்பும் இல்லை. ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் போட்டுக்கொண்டே வந்தவர், தடுப்பூசி ஃப்ரிட்ஜின் மேல் ஒட்டியிருந்த அட்டவணையின் முன் நின்றார். உள்ளே எத்தனை டிகிரி என்று தினமும் காலை ஒன்பதுக்கும் மாலை ஐந்துக்கும் அதில் குறிக்க வேண்டும். இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவில் இருந்தால்தான் மருந்துக்கு வீரியம். எங்கள் அட்டவணையில் மாதம் முழுக்க நாலு, நாலு, நாலு. எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

"ரொம்ப நீட்டா இருக்கே," என்றார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

"இன்னைக்குச் சாயங்காலத்துக்கும் நாளைக்கும்கூட நாலுன்னு போட்டிருக்கு. இப்ப மணி பதினொண்ணுதானே?"

அட்டவணை நர்ஸ் எழுத வேண்டியது. அவளுக்கு ஊசி போடவே நேரம் போதாது, எழுத்தும் கோழி கிளறிய மாதிரி. அதனால் திங்கட்கிழமைதோறும் வாரம் முழுவதற்கும் நானே நிரப்பிவிடுவேன். அந்த ஃப்ரிட்ஜ் நாலை விட்டு அசைந்து நான் பார்த்ததில்லை. மனிதர்களைவிட அதன்மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

அதிகாரி கதவைத் திறந்து, மருந்துப் பெட்டிகளுக்குப் பின்னால் கிடந்த தெர்மாமீட்டரை எடுத்தார். பதிமூன்று. கதவின் ரப்பர் ஒரு மூலையில் பிய்ந்து தொங்கியது.

"எப்பலேருந்து இப்படி இருக்கு?"

நான், நர்ஸ், டாக்டர் மூவரும் பதிலுக்காக அட்டவணையைப் பார்த்தோம். வெட்கக்கேடு, அது நாலு என்றது.

"இதை எழுதறது யார் வேலை?"

நர்ஸின் முகம் வெளுத்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான். என்னைப் பார்த்தாள், ஆனால் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அதைச் சொல்ல இப்போதும் கூசுகிறது.

"எப்பன்னு தெரியாததால, இந்த மாசம் ஊசி போட்ட எல்லாக் குழந்தைக்கும் திரும்பப் போட வேண்டியிருக்கும். லிஸ்ட் குடுங்க," என்றார் அதிகாரி.

கணினியில் எடுத்தேன். முப்பத்தொரு பெயர்கள். பதினோராவது பெயர் என் பேரனுடையது. போன வாரம்தான் போட்டோம். குட்டித் தொடையில் குத்து வாங்கி, இரண்டு நாள் காய்ச்சலில் அனத்தினான். அத்தனையும் வீணாக இருக்கலாம். நாளை ஏதாவது நோய் வந்தால் அவனைக் காக்க என் முத்து முத்தான எழுத்துதான் இருக்கிறது.

"நான்தான் மேடம் எழுதினேன். பார்க்காமயே எழுதினேன். அந்தப் பொண்ணுக்கு இதுல சம்பந்தம் இல்ல."

டாக்டர் அட்டவணையைக் கையில் வாங்கி முதல் வரியிலிருந்து படித்தார். அவர் ஒரு காகிதத்தை முழுதாகப் படித்து அன்றுதான் பார்த்தேன்.

கிளினிக்கை மூடவில்லை. சரிசெய்ய ஒரு மாத அவகாசம். என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது பிறகு. முதலில் முப்பத்தொரு வீட்டுக்கும் நானே போன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். மருமகளிலிருந்து தொடங்கினேன். எதையும் பூசி மெழுகாமல் சொன்னேன்.

"சரி அத்தை, கூட்டிட்டு வரேன்," என்றாள். "ஆனா போன தடவை ஊசியை எடுத்ததுமே போன் அடிக்குதுன்னு வெளியே ஓடிட்டீங்க. இந்தத் தடவை நீங்கதான் அவனை மடியில வெச்சுப் பிடிச்சுக்கணும்."