குதிரைக்குப் பூக்கேட்ட நாள்

என் மகள் ரஞ்சனிக்குக் காது குத்த நல்ல நேரம் தொடங்கிவிட்டது. அவளை மடியில் உட்காரவைத்துக்கொள்ள வேண்டிய என் தம்பி காளிதாஸ் கோயில் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, விரித்திருந்த சமுக்காளத்தில் கால் வைக்க மாட்டேன் என்றான். காரணம் ஒரு குதிரை. அது ஆஸ்திரேலியாக் குதிரை. செத்தும் போய்விட்டது.

தாய்மாமன் மடி இல்லாமல் எங்களில் காது குத்துவதில்லை. வேறு யாரையாவது உட்காரவைத்தால் அண்ணன் தம்பி இல்லாதவள் என்று ஊர் என்னைப் பார்க்கும். ஊர் பார்ப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அன்றைக்கு அவன் திரும்பிப் போயிருந்தால் மறுபடி என் வீட்டுப் படி ஏறமாட்டான் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அவன் அப்படிப்பட்டவன். என் கணவர் தனபாலும் அப்படிப்பட்டவர்தான். அவர் கூப்பிட மாட்டார்.

காளிதாஸ் ஓமலூர் பைபாஸில் டயர் கடை வைத்திருக்கிறான். ஒருநாள் ஊட்டிக்குப் பந்தயக் குதிரைகளை ஏற்றிப் போன வண்டி பஞ்சராகி அவன் கடைமுன் நின்றது. அவன் சக்கரத்தைக் கழற்றும்போது ஒரு குதிரை சன்னல் வழியாகத் தலையை நீட்டி, வேலை முடியும்வரை அவனையே பார்த்துக்கொண்டிருந்ததாம். "என்ற வேலைய இத்தனை கவனமா ஒருத்தரும் பார்த்ததில்லக்கா" என்று சொன்னான். அதிலிருந்து ஓய்ந்த நேரமெல்லாம் செல்போனில் குதிரை ஓட்டம்தான். பந்தயம் கட்டுகிறவன் இல்லை. நேரில் ஒரு பந்தயம்கூடப் பார்த்ததில்லை. ஓட்டம் மட்டும் போதும் அவனுக்கு. அதிலும் சிறு தூரத்தை ஒரே மூச்சில் ஓடி முடிக்கும் குதிரைகள்.

என் கணவருக்கு நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை இருக்கிறது. குதிரையைப் பற்றி அவருக்கு ஒரு அக்கறையும் இருந்ததில்லை. மைத்துனனுக்குத் தெரிந்த ஒன்று தனக்குத் தெரியாமல் இருக்கிறதே என்பதுதான் அவருக்கு இருந்த அக்கறை. அதனால் அவரும் பார்க்கத் தொடங்கினார். பண்ணையில் கோழிகளின் இரைச்சலுக்கு மேலே ஒரு வெள்ளைக்காரன் மூச்சுவிடாமல் கத்துவது கேட்டால், அவர் படித்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

தம்பியின் குதிரை அந்த ஆஸ்திரேலியாக் குதிரை, பிளாக் கேவியர். ஓடிய ஓட்டம் ஒன்றிலும் தோற்காத பெண்குதிரை. கணவரின் குதிரை டேஜூர். பெரிய ஓட்டமொன்றில் முந்திப் போய்க்கொண்டிருந்தபோது, எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் தரையில் விழுந்திருந்த நிழலைத் தடை என்று நினைத்துத் தாண்டி, அந்தத் தாண்டலில் தோற்றுப்போனது.

காதுகுத்துக்கு முறைப்படி அழைக்கத் தட்டில் பழமும் வெற்றிலையும் எடுத்துக்கொண்டு ஓமலூர் போயிருந்தோம். காபி வருவதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள்.

"நெழலப் பார்த்துப் பயந்த குதிரைய எல்லாம் குதிரைன்னு சொல்றீங்களே மச்சான்."

"பயமில்ல மாப்ள. அதுக்குப் புத்தி இருக்குது, யோசிச்சுது. உன்ற குதிரை யோசிக்கவே யோசிக்காது. இங்கிலாந்துல மூக்கு நுனில தப்பிச்சுது, மறந்துட்டியா?"

"ஓட்டுனவன் முடிஞ்சுதுன்னு கைய உட்டுட்டானுங்க. அப்பவும் செயிச்சுது."

"என்னதான் இருந்தாலும் பொட்டக் குதிரை."

காளிதாஸ் காபி டம்ளரைக் கீழே வைத்தான். "உங்க பண்ணைய நடத்தறதும் ஒரு பொட்டப்புள்ளைதானுங்க. எங்கூட்டுப் புள்ளை."

எனக்கு உள்ளே ஏதோ நிமிர்ந்தது. அடுத்த நொடியே வெட்கமாக இருந்தது. என்னைத் தாங்கிப் பேசினானா, குதிரைக்குச் சான்றாக என்னை இழுத்துக்கொண்டானா என்று தெரியவில்லை. கணவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். நான் அதைப் பிடுங்கி அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். அதனால்தான் காளிதாஸ் கோயில்வரை வந்தான். வந்து, மரத்தடியில் நின்றான்.

"பிளாக் கேவியருக்குக் கீழதான் டேஜூர்னு மச்சான் வாயால சொல்லட்டும்க்கா. சொன்னா உட்கார்றேன்."

"தோத்துதுன்னு சொல்றேன். கீழன்னு சொல்ல மாட்டேன்" என்றார் கணவர், சாமியைப் பார்த்துக்கொண்டு.

ஆசாரி கந்தப்பன் ஊசியைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். நல்ல நேரம் நகர்ந்துகொண்டிருந்தது. ரஞ்சனி மொட்டைத் தலையில் சந்தனத்தோடு என் இடுப்பில் உட்கார்ந்து, காய்ந்த சந்தனத்தைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். அப்போதுதான் கணவர் சொன்னார்.

"பூக்கேட்டுரலாம்."

கல்யாணத்துக்கு, போர் போடுவதற்கு, நிலம் வாங்குவதற்கெல்லாம் எங்கள் குலசாமி அய்யனாரப்பனிடம் பூக்கேட்போம். வெள்ளை அரளியையும் செவ்வரளியையும் தனித்தனியாக இலையில் பொட்டலம் கட்டிச் சாமி காலடியில் வைத்து, குழந்தை ஒன்றை விட்டு எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் சரி. சிவப்பு வந்தால் வேண்டாம். குதிரைக்குப் பூக்கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. பூசாரி அர்த்தநாரியும் கேள்விப்பட்டதில்லை.

"எந்த ஊருக் குதிரைங்க?"

"ஒண்ணு ஆஸ்திரேலியா. ஒண்ணு இங்கிலாந்துல ஓடுனது."

பூசாரி யோசித்தார். "சாமிக்கு அந்தப் பக்கம் பழக்கம் இருக்குதான்னு தெரியலீங்க. கேட்டுப் பார்க்கலாம்."

அடுத்து, வெள்ளை யாருக்கு என்று சண்டை வந்தது. இரண்டு குதிரையும் கரும்பழுப்பு. கரும்பழுப்பில் அரளி பூப்பதில்லை. செயித்த குதிரைக்குத்தான் வெள்ளை என்றான் தம்பி. குலசாமி யாருடையதோ அவனுக்குத்தான் வெள்ளை என்றார் கணவர். இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்த பூசாரி மெதுவாக வெள்ளைப் பூவைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"அய்யன் முன்னாடி குதிரைப் பேச்செடுத்துட்டீங்க. அய்யனோட குதிரைய உட்டுப்போட்டுக் கேக்கறது மரியாதை இல்லீங்க. வெள்ளை அதுக்கு. நீங்க செவப்பும் மஞ்சளும் எடுத்துக்கங்க."

வாசலில் நிற்கும் அய்யனாரப்பன் குதிரை சிமெண்டில் செய்தது. சுண்ணாம்பு பூசி வெள்ளையாக இருக்கும். தூக்கிய முன்னங்காலில் காரை உதிர்ந்து கம்பி தெரியும். சாமி முன்னால் இருவராலும் மறுக்க முடியவில்லை.

மூன்று பொட்டலங்கள் கட்டப்பட்டன. நான் கண்ணை மூடிக் கும்பிட்டேன். தம்பி உட்கார வேண்டும் என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். மனது வேறொன்றைக் கேட்டது. இரண்டு பேரும் தோற்கட்டும் சாமி. கேட்ட பிறகுதான் அது எவ்வளவு நாளாக எனக்குள் இருந்தது என்று புரிந்தது. ஒருவர் செயித்தால் ஒரு வீடு எனக்குக் குறைந்துபோகும் என்று பயந்தே நான் இவர்களுக்கு நடுவில் வாழ்ந்திருக்கிறேன். அந்தப் பயத்துக்கு அடியில் இத்தனை கோபம் கிடந்ததை நான் பார்த்ததில்லை.

இடுப்பிலிருந்து இறக்கிவிட்டதும் ரஞ்சனி குனிந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வாயில் வைத்தாள். பூசாரி பிடுங்கிப் பிரித்தார். வெள்ளை.

"அய்யன் குதிரைதானுங்க" என்றார் அமைதியாக, கல்யாணத்துக்கு உத்தரவு சொல்வதுபோல.

இருவரும் பிரித்த இலையை எட்டிப் பார்த்தார்கள். பிறகு காளிதாஸ் கேட்டான். "ஏனுங்க பூசாரி, அது எங்க ஓடுச்சு?"

"ராத்திரி ஊரக் காவல் சுத்துதுங்களே."

"சுத்தறது வேற, ஓடறது வேற" என்றார் என் கணவர். "தூரம் எத்தனை, நேரம் எத்தனை, சொல்லுங்க."

"சாமி குதிரைக்கு நேரம் பார்க்கறதுக்கு ஆருங்க முழிச்சிருக்கறது?"

"கூட எந்தக் குதிரை ஓடுச்சு?" என்றான் தம்பி. "தனியா ஓடுனா எல்லாந்தான் மொதல்ல வரும். மச்சான், நீங்க சொல்லுங்க."

"மாப்ள சொல்றது நாயம்."

பூசாரி மரத்தடிக்குப் போய்ச் சமுக்காளத்தின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்துக்கு நேரே பேசுவதற்காகக் காளிதாஸ் செருப்பைக் கழற்றிவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தான். கணவர் அவன் தோளை ஒட்டி உட்கார்ந்து செல்போனை எடுத்தார். ஆசாரி என்னைப் பார்த்தார். நான் ரஞ்சனியைத் தூக்கித் தம்பி மடியில் வைத்தேன். அவன் பேச்சை நிறுத்தாமல், பழகிய கையாக அவள் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். ஊசி இறங்கியது. அவள் கத்திய கத்தலில் வேப்பமரத்துக் காக்கைகள் எழுந்தன.

"ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல" என்று காதில் ஊதிவிட்டு, "பந்தயத்துக்குன்னே வளர்த்த சாதிதானுங்களா அது?" என்று பூசாரியிடம் திரும்பினான்.

"கால்ல கம்பி வேற தெரியுது" என்றார் கணவர். மறுகாதும் முடிந்தது.

பூசாரி தனியாளாகத் தவித்தார். கடைசியில் என் பக்கம் திரும்பினார். "அம்மணி, நீங்களாச்சும் சொல்லுங்க. சாமி சொன்னது தப்புங்களா?"

தம்பியும் கணவரும் ஒருசேர என்னைப் பார்த்தார்கள்.

"சாமி சொன்னா சரியாத்தானுங்க இருக்கும்" என்றேன்.

இரண்டு முகமும் ஒன்றுபோல வாடின. இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று ஒருவர் இன்னொருவருக்குக் கண்ணால் ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள். நான் அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பந்திக்கு இலை போடச் சொல்லப் போனேன். வெகுநாளைக்குப் பிறகு எனக்கு நன்றாகப் பசித்தது.