வெட்டிப் போட்ட முதல் நிமிடங்கள்

கிளாரினெட்காரியின் வீட்டில் முப்பத்தொரு தொடக்கங்கள் குடியிருந்தன. இரண்டு சமையலறையில், நான்கு துணி அலமாரியில், ஒன்று குளியலறை வாளிக்குள், மற்றவை இடம் கிடைத்த மூலைகளில். எல்லாம் அவள் வாசித்த இசையின் முதல் நிமிடங்கள். எப்படி வந்தன என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. கணவர் வெட்டிப் போட்டார். போக்கிடம் இல்லாமல் அவை வீட்டிலேயே தங்கிவிட்டன.

கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். ஃபிரேமுக்கு மிஞ்சியதைத் தேய்த்துத் தள்ளுவது அவருடைய பதினைந்து வருடத் தொழில். அவள் காலையில் பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்பு எடுப்பாள், மாலையில் தன் அறையில் வாசித்து அதைப் போனில் பிடித்து இணையத்தில் போடுவாள். ஆறு வருடம் போட்டும் பின்தொடர்ந்தவர்கள் நாற்பதே பேர். அதில் பதினொரு பேர் சொந்தக்காரர்கள், அவர்களும் கேட்டதற்கு அறிகுறி இல்லை. பெரிய அரங்கம் ஒன்றில் ஒருமுறையாவது வாசித்துவிட வேண்டும் என்ற ஆசை அவளை உட்காரவிடாமல் அரித்துக்கொண்டிருந்தது. "முதல் மூணு செகண்டுல பிடிக்கலைன்னா தள்ளிவிட்டுப் போயிடுவாங்கம்மா. நீ ஆற அமர வந்து சேர்றதுக்குள்ள அவன் பத்து பேரைப் பார்த்து முடிச்சிருப்பான்" என்று சொல்லி, வெட்டும் வேலையைக் கணவரே கையில் எடுத்துக்கொண்டார். வாரம் ஒரு பாட்டு, அதுவும் முப்பது நொடித் துண்டுகளாக, திங்கள், புதன், வெள்ளி, மாலை ஏழு மணிக்கு. ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும். வருகிற ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு மணி நேரத்துக்குள் பதில் போக வேண்டும். முக்கியமாக, மெதுவாக எழும் முதல் நிமிடம் இருக்கவே கூடாது, எடுத்த எடுப்பில் உச்சியில் நிற்க வேண்டும். நாற்பது நானூறாகி, எட்டே மாதத்தில் நாற்பதாயிரத்தைத் தாண்டியது.

முதல் தொடக்கம் கேஸ் அடுப்புக்குக் கீழே கேட்டபோது குழாயில் காற்று அடைத்திருக்கிறது என்று நினைத்தார்கள். குழாய் ரிப்பேர்காரர் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "இது குழாய் இல்லீங்க, பாட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு வாரத்துக்கு ஒன்று வந்தது. அவை நேரம் காலம் பார்ப்பதில்லை. ஒரு நிமிடம் ஒலிக்கும், இதோ மேலே ஏறப் போகிறது என்று தோன்றும் இடத்தில் நின்றுவிடும். கீழ்வீட்டு அம்மாள் படியேறி வந்து, "ஆரம்பிக்கிறீங்க, ஆனா முடிக்கவே மாட்டேங்கிறீங்களே, எனக்கு ஒரு வேலையும் ஓடல" என்று சண்டை போட்டாள். அந்த வீட்டில் யாருக்குமே வேலை ஓடவில்லை. சட்டைக்குப் பாதிப் பொத்தான் போட்ட நிலையில் கணவர் வாசலில் நிற்பார். அவள் போனை எடுத்து எண்ணிக்கையைப் பார்ப்பாள், கீழே வைப்பாள், வைத்த கை மறுபடியும் எடுக்கும். நாற்பதாயிரம் பேர் இருந்தும் யாரும் தன்னைக் கேட்கவில்லை என்ற எண்ணம் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

அந்த எண்ணிக்கையைப் பார்த்துத்தான் அறுநூறு இருக்கை அரங்கத்திலிருந்து அழைப்பு வந்தது. இருக்கைகள் ஒரே நாளில் நிரம்பின. பயிற்சிக்கு உட்கார்ந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வெட்டிய பாட்டுகளின் தொடக்கத்தை வாசிக்கப் போனால் கிளாரினெட்டில் வெறும் காற்று வந்தது, நடுவிலிருந்து எடுத்தால் கணீரென்று ஒலித்தது. தொடக்கங்கள்தான் வீட்டு மூலைகளில் இருக்கின்றனவே, கருவிக்குள் எப்படி இருக்கும்? "நடுவுலேர்ந்தே வாசிம்மா, அவங்களுக்குத் தெரிஞ்சது அதுதானே" என்றார் கணவர். அவள் பத்து நாள் அவரோடு பேசவில்லை.

மேடையில் நடுவிலிருந்துதான் வாசித்தாள். முப்பதாவது நொடியில் அறுநூறு பேரும் கைதட்டினார்கள், தட்டி முடித்து அடுத்தது என்ன என்று பார்த்தார்கள். வாசித்துக்கொண்டிருக்கும்போதே பலருடைய கட்டைவிரல் வெறும் மடியில் போனைத் தள்ளுவதுபோல் தன்னால் மேலே தள்ளிக்கொண்டிருந்தது. நான்காவது கைதட்டலில் அவள் கருவியை இறக்கினாள். "இதுக்கெல்லாம் முன்னாடி ஒண்ணு இருக்கு. அது எங்க வீட்டுல இருக்கு. நடந்து போற தூரம்தான், வர்றவங்க வாங்க" என்றாள். எண்பத்திரண்டு பேர் எழுந்து வந்தார்கள்.

படிக்கட்டிலும் தாழ்வாரத்திலும் கீழ்வீட்டு அம்மாளின் கூடத்திலும் அவர்கள் உட்கார்ந்தார்கள். முதலில் துணி அலமாரியிலிருந்து ஒன்று ஒலித்தது. அது நின்ற இடத்தில் அவள் பிடித்துக்கொண்டாள். எட்டு மாதத்தில் முதல்முறையாக ஒரு பாட்டு பிறர் கேட்க முழுதாகப் போய் முடிந்தது. யாருடைய கட்டைவிரலும் மடியில் தள்ளவில்லை.

அலமாரிக் கதவைப் பிடித்தபடி நின்ற கணவர் மெல்லக் கேட்டார். "இதையா நான் வெட்டினேன்?"

"நீங்கதான் வெட்டினீங்க. கேட்டுட்டுத்தானே வெட்டினீங்க?"

"வெட்டுறப்போ கேட்டதே இல்லம்மா. கடையில மெஷின் சத்தத்துல எதைக் கேட்கிறது? போன்ல சத்தத்தைக் காட்டுற கோடு சின்னதா தெரியுற இடத்தை எல்லாம் வெட்டிடுவேன்."

"ஒருதடவை கூடவா கேட்கல?"

"ஒருதடவை கூட."

தன்னை முதலில் கேட்கும் மனிதருக்கே அந்தத் தொடக்கங்கள் பிடிக்கவில்லை என்றுதான் அவள் எட்டு மாதமாக உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாள். இப்போது கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. எண்பத்திரண்டு பேர் முன்னால் அவரை ஒரு வார்த்தை திட்டிவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

அதன்பிறகு எதையும் வெட்டுவதில்லை. நாற்பதாயிரம் பதினோராயிரமாக இறங்கி அங்கேயே நின்றது. அவள் இன்னமும் தினமும் பார்க்கிறாள், மனம் கேட்பதில்லை. தொடக்கங்கள் காலி செய்துகொண்டு போகவில்லை. வெள்ளிக்கிழமைகளில் வருகிறவர்கள், எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு நேராக அங்கே போய் உட்காருகிறார்கள். காலையில் எந்த மூலை ஒலித்தாலும் நின்று கேட்டுவிட்டு, கணவர் கடைக்குத் தினமும் அரைமணி தாமதமாகப் போகிறார். முதலாளி காரணம் கேட்டார், இவரும் உள்ளதைச் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை முதலாளி மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்து, குளியலறைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.