முனியராஜ் ஏறிய கப்பலின் பெயர்

1

செய்தித்தாளிலிருந்து பிறந்த கதை என்று பெருமையடிக்கலாம், பொய். பட்டா வேலையாக விருதுநகர் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் மனுவை எட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு கட்டம் காலி: 'கப்பலின் பெயர்'. மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

நடுக்கடலில் புயல் சீறிக்கொண்டிரு—

(வேண்டாம். நான் பார்த்த பெரிய தண்ணீரே ஆனைக்குட்டம் அணைதான்.)

அந்தப் பெண், நாரணாபுரம் யோகலட்சுமி, பட்டாசுக் கம்பெனியில் பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறவள். கணவன் சங்கரபாண்டியன் [இல்லை, அது முதல் பிரதியில் வைத்த பெயர், முனியராஜ்] எண்ணெய்க் கப்பலில் ஃபிட்டர். விற்கக் கூடாதென்று தடை போட்ட எண்ணெயைக் கள்ளத்தனமாகக் கொண்டுபோகும் கப்பல். அவனுக்கே ஏறிய பிறகுதான் தெரியும். ஏதோ ஒரு நாட்டுக் கடற்படை அதை மடக்கி நாற்பது நாளாகிறது. அவனிடமிருந்து ஒரு போன் இல்லை.

3

பிடிபடுவதற்கு முந்தின வாரம் போனில் பேசினான்.

"ஏ புள்ள, கப்பல் பேர அழிச்சுட்டு வேற பேரு எழுதிட்டாங்க. கொடியும் வேற. வெளிய சொல்லிராத."

"அதுக்கென்ன? இங்கனயும் ஒரே வெடிதான். ஆர்டருக்குத் தக்கன லேபிள ஒட்டுறோம்" என்று சிரித்தாள். 

வேலை ஒப்பந்தத்தில் இருந்த பெயரை எழுதித்தான் முதல் மனு போட்டாள். பதில் வந்தது: அந்தக் கப்பலை மூன்று வருடம் முன்பே உடைத்து இரும்புக்குப் போட்டாயிற்று.

[செத்த கப்பலின் பெயரை எடுத்து ஓடுகிற கப்பலுக்கு வைத்துக்கொள்வார்களாம். எழுதுகிற எனக்கே தலை சுற்றுகிறது.]

4

இது இரண்டாவது மனு. அவன் போனில் சொன்ன புதுப் பெயரை, பிடிபட்டபோது இருந்ததை, எழுதினால் கப்பல் கிடைத்துவிடும். பெயர் மாறியது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தான் என்று அவன் மேல் கேஸும் பாயலாம். பழைய பெயரை எழுதினால் கப்பலே இல்லை.

"காலியா விட்டா வாங்க முடியாதும்மா. அஞ்சு மணிக்கு ஃபைல் சென்னைக்குப் போயிரும்" என்றார் எழுத்தர் கற்பகவல்லி.

"மேடம், நான் கப்பலயா தேடுறேன்? எங்க வீட்டுக்காரவுகளத் தேடுறேன். அவுக பேரு போதாதா?"

கற்பகவல்லி காலிக் கட்டத்தைப் பேனாவால் தட்டிக் காட்டினார். 

5

முடிவு அ: புதுப் பெயரை எழுதுகிறாள். அவன் வருகிறான், கூடவே போலீ—

முடிவு ஆ: பழைய பெயரையே

எனக்குத் தெரியவில்லை, போங்கள். மணி நாலே முக்கால். பேனாவை நீங்களே பிடியுங்கள். கப்பலுக்கு எந்தப் பெயரை வேண்டுமானாலும் எழுதுங்கள். முனியராஜ் என்பதை மட்டும் மாற்றிவிடாதீர்கள். வேறு பெயர் வைத்து ஒரு பிரதி எழுதிப் பார்த்தேன். அதில் அவன் வீடு திரும்பவே இல்லை.