பாத்ரூமில் வழுக்கிய கை

பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டதாக ஜெனிதா சொன்னதைப் புலியகுளத்தில் அவள் குடியிருக்கும் சந்தே கேட்டுக்கொண்டது. ஒருத்தரும் நம்பவில்லை. நீலம் பாரித்து வீங்கிய மணிக்கட்டை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு குழாயடிக்கு வருகிறவள் வேறு என்ன சொல்வாள்? எல்லார் கண்ணும் அவள் புருஷன் பெனடிக்ட் மேல் திரும்பியது. பாவம், அந்த மனுஷனுக்குக் கரப்பான்பூச்சியை அடிக்கவே கை வராது.

நடந்தது ஜெனிதாவுக்குத்தான் தெரியும். பம்ப் கம்பெனியில் அவள் ஓட்டும் கை பிரஸ்ஸின் இழுத்து அழுத்தும் இரும்புப் பிடி லூசாகி, சுழன்று வந்து அடித்துவிட்டது. சொன்னால் வேலை போய்விடும் என்று பயம். முன்பு விரல் நசுங்கிய மதிவதனி அப்புறம் கம்பெனிப் பக்கமே வரவில்லையே! பெனடிக்டிடமும் பாத்ரூம் கதைதான். வேலையில் சேலைக்கு மேல் போடும் முழுக்கைச் சட்டைக்குள் வீக்கத்தை மறைத்து, இடது கையால் இழுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வாரத்தை ஓட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும், அந்தப் பகுதி ஜெபக்குழுவான அன்பியத்தின் தலைவி ஜெபராணி நாலைந்து பெண்களோடு வீட்டுக்கே வந்துவிட்டாள். கையில் ஜெபமாலை, முகத்தில் ஆறுதல். கண் மட்டும் வீட்டுக்குள் என்ன உடைந்து கிடக்கிறது என்று தேடியது. டீ கொண்டுவந்த பெனடிக்டிடம், "ஏனுங்க தம்பி, கோவத்தைக் கொஞ்சம் கொறைச்சுக்கோங்க" என்றாள்.

அவன் எல்லாருக்கும் டீயை எடுத்து நீட்டினான். காது மட்டும் சிவந்தது. ஜெனிதாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

"அவரில்லீங்கக்கா. கம்பெனி மெஷின் அடிச்சுப்போட்டுதுங்க."

ஜெபராணிக்குத் தெரிந்தது கம்பெனிக்குத் தெரிய எவ்வளவு நேரமாகும்?

மறுநாள் முந்திக்கொண்டு அவளே போய் சூப்பர்வைசர் கோவிந்தராஜுலுவிடம் சொன்னாள். அவர் கையைக்கூடப் பார்க்காமல் ஓடிப்போய் முதலில் அந்த பிரஸ்ஸை நிறுத்தினார். அதில் முந்தின ஷிப்ட்காரி இனியா உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாளும் அந்த ஷிப்டில் அவள் அதைத்தான் ஓட்டினாள் என்பது ஜெனிதாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அன்னைக்கே சொல்லியிருக்கோணுமில்லீங்க, அம்மணி" என்றார், திரும்பி வந்து. மதிவதனிக்கும் வேலைக்கு வரச்சொல்லி ஆள்மேல் ஆள் அனுப்பினார்களாம், அவள்தான் பயந்துபோய் வரவில்லையாம். நம்புவதா வேண்டாமா என்று ஜெனிதாவுக்குப் புரியவில்லை.

எலும்பில் கீறல் என்று இ.எஸ்.ஐ. டாக்டர் மாவுக்கட்டுப் போட்டு ஓய்வு கொடுத்தார். சந்துக்கு சுவாரஸ்யம் போய், வேறு வீட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டது. ஓய்வு முடிந்து கட்டோடு வேலைக்கு வந்தவளைப் பம்புக்கு ஸ்டிக்கர் ஒட்டும் மேசையில் உட்காரவைத்தார்கள். டாக்டர் சொல்லும்வரை பிரஸ் பக்கம் போகக்கூடாதாம்.

கோவிந்தராஜுலு அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் அவள் கை வேகமாகிவிடும்.

"மெதுவா ஒட்டுங்க, அம்மணி. ஸ்டிக்கர் எங்கீங்க ஓடிப்போவுது?"

சரிங்க என்று தலையாட்டினாள். கை என்னவோ வேகத்தைக் குறைக்கவில்லை.