ஒன்பதே கால் முதல் மூன்றரை வரை

பங்குச் சந்தை திறந்திருக்கும் நேரத்தைச் சீதை அளவுக்கு மதித்தவர்கள் மும்பையில்கூட இருக்க மாட்டார்கள். காலை ஒன்பதே காலுக்கு அவள் கணவர் ஏகாம்பரம் முன்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் மூன்றரைக்குத்தான் எழுந்திருப்பார். நடுவில் சாப்பாட்டுக்கு ஒரு தடவை. அந்த நேரம் முழுக்க வீடு அவளுடையது. பங்கு என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது; தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. முன்னறைக்குள் கணவர் ஏதோ வேலையாக இருக்கிறார் என்பதே அவளுக்கு வந்த லாபம்.

அந்த லாபத்தின் அருமை அவளுக்குப் பட்டுத் தெரிந்தது. புதுக்கோட்டையில் நடத்திய இரும்புக்கடையை மூடிய புதிதில் ஏகாம்பரம் கொஞ்ச காலம் வேலையில்லாமல் இருந்தார். அடுப்படிக்குள் வந்தார். பாத்திர மூடிகளை அளவு வாரியாக அடுக்கினார். சாம்பாருக்குப் பருப்பு எவ்வளவு போடுகிறாள் என்று கேட்டார். சொன்னால், ஏன் அவ்வளவு என்று கேட்டார். கடுகு டப்பாவில் 'கடுகு' என்று எழுதி ஒட்டினார். சீதை கதவைத் தாழ் போட்டுக்கொண்டு சமைக்கப் பழகினாள். பிறகு சென்னையில் வேலை பார்க்கும் மகன் ஆனந்த் ஒரு லீவுக்கு வந்தபோது, பங்கு வாங்கி விற்க அப்பாவுக்கு டீமேட் கணக்கு ஒன்று தொடங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். பிள்ளையைப் பெற்றதால் கிடைத்த நன்மைகளில் அதைத்தான் சீதை முதலாவதாக வைத்திருந்தாள்.

இப்போது அதே பிள்ளை அதைப் பிடுங்கப் பார்த்தான்.

இத்தனை வருஷமும் வருமான வரிக் கணக்கைப் பார்த்த ஆடிட்டர் தன் மகளோடு இருக்கலாமென்று கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். ஆனந்த் ஒரு சாஃப்ட்வேர் வாங்கி அனுப்பி, நீங்களே செய்துகொள்ளலாம் என்றான். விற்ற பங்குகளின் விவரத்தை ஒவ்வொரு வரியாக அதில் ஏற்ற வேண்டும். புரோக்கர் அனுப்பும் ஃபைலை அப்படியே ஏற்றவும் அதில் வழி இருந்தது. தன் கணக்கைத் தானே போடாத மனிதனை ஏகாம்பரம் மனிதனாக மதிப்பதில்லை என்பதால் அந்த வழி அடைபட்டது. புரோக்கர் தாளைப் பார்த்து அவர் வாசிக்க, சீதை அடித்தாள். அவள் கல்யாணத்துக்கு முன்பே டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணியவள். கீபோர்டைப் பார்க்க மாட்டாள், ஸ்கிரீனையும் அவ்வளவாகப் பார்க்க மாட்டாள், விரல் அது பாட்டுக்குப் போகும்.

எல்லாம் ஏற்றி முடித்துப் பட்டனை அழுத்தினால் சிவப்பு எழுத்தில் ஒரு வாசகம் வந்தது. விற்பனைத் தொகை அரசாங்கத்திடம் இருக்கும் தகவலோடு பொருந்தவில்லை, சரிபார்க்கவும். எதைச் சரிபார்ப்பது என்று அது சொல்லவில்லை. என்ன தப்பு என்று கேட்டால் "நீயே யோசிச்சுப் பாரு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மாமியாரிடம் குடித்தனம் பண்ணியவள் சீதை. அவளுக்கு அந்தத் தோரணை பழக்கமானதுதான்.

ஏகாம்பரம் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டார். எடுத்த பெண் சாஃப்ட்வேரை மூடித் திறக்கச் சொன்னாள். மூடித் திறந்தார்கள். கம்ப்யூட்டரை அணைத்துப் போடச் சொன்னாள். அணைத்துப் போட்டார்கள். சாஃப்ட்வேரை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றச் சொன்னாள். ஏற்றியதும், அதுவரை அடித்ததெல்லாம் போய்விட்டது. ஏகாம்பரம் முதலிலிருந்து வாசித்தார், சீதை முதலிலிருந்து அடித்தாள், சிவப்பு எழுத்து தவறாமல் வந்து சேர்ந்தது. "நீங்க அடிச்சதுலதான் சார் மிஸ்டேக் இருக்கும், ஒருவாட்டி வெரிஃபை பண்ணிருங்க" என்று சொல்லிவிட்டு, தன் சேவைக்கு எத்தனை ஸ்டார் கொடுப்பீர்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். ஏகாம்பரம் ஐந்தும் கொடுத்தார். மரியாதையாகப் பேசிய பிள்ளை, பாவம்.

வெரிஃபையும் பண்ணினார்கள். அவர் தாளைப் பார்த்து வாசித்தார். இவள் ஸ்கிரீனைப் பார்த்து "சரி, சரி" என்றாள். ஒரு வரிகூடத் தப்பாக இல்லை.

கடைசித் தேதிக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் ஆனந்த் சென்னையில் இருந்தபடியே அவர்கள் கம்ப்யூட்டருக்குள் வந்தான். ஸ்கிரீனில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. ஏகாம்பரம் கையை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன் ஸ்பீக்கரில் கிடந்தது. சீதை பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து மொய்க் கவர் தயார் பண்ணிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக் கலைமதிக்கு அன்று சாயங்காலம் இலுப்பூரில் கல்யாண வரவேற்பு.

"அப்பச்சி, இந்த வரியில இருபதாயிரத்து அறுநூத்தி ஒண்ணுன்னு இருக்கு. புரோக்கர் தாள்ல அந்த ஒண்ணு இல்ல, வெறும் அறுநூறுதான்," என்றான் ஆனந்த் தகப்பனாரிடம்.

"நான் அறுநூறுன்னுதான் வாசிச்சேன்," என்றார் ஏகாம்பரம்.

"அடுத்தது பைசாவோட சரியா இருக்கு. அதுக்கடுத்தது மறுபடி ஒரு ரூவா கூட. அங்கிட்டு ரெண்டு சரி, இங்கிட்டு மறுபடி கூட." அம்பு இறங்கிக்கொண்டே போனது. "ஒங்களுக்குக் கடைசி எழுத்து சரியாத் தெரியலையா?"

"கண்ணாடிய மாத்தியாச்சப்பா."

சீதைக்கே அது புதுச் செய்தி. பேங்குக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அவர் போனது கண் டாக்டரிடம் என்று இப்போதுதான் தெரிந்தது. பழைய ஃப்ரேமிலேயே புதுக் கண்ணாடியைப் போட்டு வந்திருக்கிறார். அவளிடம்கூடச் சொல்லவில்லை.

"கோவிச்சுக்காதீங்க அப்பச்சி," என்றான் ஆனந்த். "போன தையில பால் பாக்கெட்ட பீரோவுல வச்சுட்டு, பீரோ சாவிய ஃப்ரிட்ஜுல வச்சீங்க. இப்ப இது. நாளைக்கி விக்கிறப்ப ஒரு சைபரக் கூடப் போட்டுட்டா என்ன செய்யிறது? அக்கவுண்டுக்கு எனக்கு பவர் எழுதிக் குடுத்துருங்க. நான் பாத்துக்கிறேன். நீங்க நிம்மதியா இருங்க."

நிம்மதி என்றதும் சீதையின் காதில் பாத்திர மூடிகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

"நான் சரியாத்தான் வாசிச்சேன்," என்றார் ஏகாம்பரம். பிறகு, "வாசிச்சேன்னு நெனைக்கிறேன்," என்றார்.

கணக்கு விஷயத்தில் அவர் 'நினைக்கிறேன்' என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை. பருப்பை அளக்க வந்த இந்த மனிதர்மேல் எவ்வளவோ எரிச்சல்பட்டிருக்கிறாள். அவரே தன்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டு, கையை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பதை அவளால் பார்க்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். ஐந்நூறு ரூபாய்த் தாள் இரண்டைக் கவருக்குள் வைத்தாள். பர்ஸிலிருந்து ஒரு ரூபாய்க் காசைத் தேடி எடுத்து அதோடு போட்டாள். போட்ட கை கவருக்குள்ளேயே நின்றது.

"ஆனந்தா, ஒரு ரூவா கூட இருக்குங்கிறியே, அந்த வரியெல்லாம் புரோக்கர் தாள்ல எதுல முடியுது?"

"எதுலன்னா?"

"சைபர்லயா?"

அம்பு மேலே போய்க் கீழே வந்தது. "ஆமா ஆத்தா. எல்லாமே சைபர்லதான்."

"அப்ப அது நான்தான்," என்றாள் சீதை. "அவுக சரியாத்தான் வாசிச்சாக. காதுல அறுநூறுன்னுதான் விழுந்துச்சு. கை ஒண்ணச் சேத்துப் போட்டுருச்சு."

அவள் கையால் எழுதிய எந்தத் தொகையும் பூஜ்யத்தில் முடிந்ததில்லை. கல்யாணமோ, காதுகுத்தோ, கோயில் திருப்பணியோ, பூஜ்யத்தில் நிறுத்தினால் அதோடு நின்றுவிடும், ஒன்று சேர்த்தால் மேலே வளரும் என்று பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் பழகியவள். சரிபார்த்தபோதும் அதுதான் நடந்தது. அவர் இருபதாயிரத்து அறுநூறு என்றார். இவள் ஸ்கிரீனில் இருபதாயிரத்து அறுநூற்றி ஒன்றைப் பார்த்தாள். சரி என்றாள். அந்தத் தொகையை எழுதினால் அப்படித்தான் இருக்கும். அந்த வீட்டில் யார்மேலும் சந்தேகம் வரலாம், அவள்மேல் மட்டும் வராது என்று இருந்த பெயர் அன்றோடு போயிற்று. போனால் போகட்டும் என்றுதான் அவளுக்கு இருந்தது.

"ஆத்தா, இது இன்கம் டாக்ஸ். மொய் இல்ல."

"தெரியுதுப்பா."

ஏகாம்பரம் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். "டாக்டருக்குத் தண்டம் அழுதேன்," என்றார். இரும்புக்கடைக் குரல் பாதி திரும்பியிருந்தது.

ஆனால் ஆனந்த் விடுகிற வழியாக இல்லை. "சரி, அப்பச்சி மேல தப்பில்ல. ஆனா ரெண்டு பேரும் சேந்து போட்ட கணக்குலதானே தப்பு வந்திருக்கு? பவர் குடுக்கிறதுதான் நல்லது. நான் பண்ணுனா இந்த மாதிரிப் பழக்கதோஷமெல்லாம் வராது."

ஏகாம்பரம் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். சீதைக்குத் தான் சொல்ல நினைத்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தகப்பனார் மூன்றரை வரைக்கும் முன்னறையில் இருப்பதுதான் இந்தக் குடும்பத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்று மகனிடம் எந்தத் தாய் சொல்லுவாள்?

அம்பு ஒவ்வொரு வரியாகப் போய் ஒன்றுகளை அழித்தது. பட்டனை அழுத்தினான். சிவப்பு எழுத்து வரவில்லை. கட்ட வேண்டிய வரி பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய் என்று வந்தது.

"நானே என் போன்லேருந்து கட்டிர்றேன்," என்றான் ஆனந்த். கொஞ்ச நேரத்தில் பணம் கட்டிய ரசீது ஏகாம்பரத்தின் போனுக்கு வந்தது.

ஏகாம்பரம் அதைத் திறந்து பார்த்தார். கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார், ஏற்றிப் பார்த்தார். பிறகு போனைச் சீதையிடம் நீட்டினார். "எங் கண்ணு மேல இப்ப எனக்கு நம்பிக்க இருக்கு. இருந்தாலும் நீ ஒரு தடவ வாசி."

சீதை வாசித்தாள். "பதினெட்டாயிரத்து நானூத்தி ஒண்ணு."

ஸ்கிரீனில் அம்பு நின்ற இடத்தில் நின்றது.

"கை அது பாட்டுக்குப் போயிருச்சு, அப்பச்சி," என்றான் ஆனந்த்.

"இருக்கட்டும்ப்பா," என்றாள் சீதை. "நல்லதுதான்."

கூடக் கட்டிய ஒரு ரூபாயைப் பற்றிச் சாஃப்ட்வேர் ஒன்றும் சொல்லாமல் கணக்கை வாங்கிக்கொண்டது. ஏகாம்பரம் தொண்டையைச் செருமிக்கொண்டு, அடுத்த வருஷம் புரோக்கர் அனுப்பும் ஃபைலை அப்படியே ஏற்றுகிற வழியைச் சொல்லிக் கொடு என்று மகனிடம் கேட்டார். சரி அப்பச்சி என்றான். பவரைப் பற்றி அவன் அதற்குப் பிறகு பேசவில்லை, இவர்களும் ஞாபகப்படுத்தவில்லை.

மறுநாள் ஒன்பதே காலுக்கு ஏகாம்பரம் முன்னறையில் உட்கார்ந்தார். சீதை அடுப்படிக் கதவைத் திறந்துபோட்டுவிட்டுச் சமைத்தாள்.